பயிற்சி நூல் பணத்தில் ஒரு படப்பெட்டி: சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், பள்ளி மேலாளர் வாரியத்தினருக்கும் வணக்கம்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பயிற்சி நூல் வாங்கப் போகும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, ஒவ்வொரு பள்ளியிலும் வரலாற்றுப் படங்கள் அடங்கிய ஒரு படப்பெட்டி செய்யுங்கள். அந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படிக்கும் வகுப்பை, வாரத்தில் ஒரு பாடவேளையாவது நடத்த ஆசிரியர்களை விடுங்கள். ஏன் கேட்கிறேன், எப்படிச் செய்யலாம், எங்கே சொதப்பும் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன். ஆசிரியை வேலை பார்த்த வாய், சுருக்கமாகப் பேசி பழக்கமில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகும் பிள்ளைகள் என்னை விடவில்லை. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மாலையானால் நாலைந்து பேர் புத்தகத்தோடு வந்துவிடுகிறார்கள். கணிதம், மலாய் என்றால் சந்தேகம் கேட்பார்கள். வரலாறு என்றால் சந்தேகமே கிடையாது, ஒப்புவிக்கத்தான் வருவார்கள். "மலாக்காவைத் தோற்றுவித்தவர் பரமேஸ்வரா." சரி. எங்கிருந்து வந்தார்? "பாலெம்பாங்." அதுவும் சரி. அங்கிருந்து ஏன் கிளம்பினார்? பேச்சு நின்றுவிடும். "அது பயிற்சியில இல்ல, டீச்சர்." ஏன் கிளம்பினார், வழியில் எங்கெல்லாம் தங்கினார், மலாக்காவில் எதைக் கண்டு நின்றார் என்பதெல்லாம் பாடநூலில் படத்தோடு இருக்கிறது. பாடநூல் பைக்குள் இருக்கிறது. மேசைமேல் இருப்பது கோடிட்ட இடத்தை நிரப்பும் நூல்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். 2014-இல்தான் நான்காம் ஆண்டில் வரலாறு தனிப்பாடமாக வந்தது. அதற்கு முன்னால் கஜியான் தெம்பாத்தான் என்ற வட்டார ஆய்வுப் பாடத்தில் ஒரு பகுதி. தனிப்பாடம் ஆன பிறகும் ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வில் அதற்குத் தாள் கிடையாது. தேர்வில் இல்லாத பாடத்துக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன மரியாதை? விளையாட்டுப் போட்டிக்கு ஒத்திகையா, எடு வரலாற்று நேரத்தை. கணிதத்துக்குக் கூடுதல் வகுப்பா, அதற்கும் வரலாற்று நேரம். மிச்சமிருக்கும் நேரத்தில் பாடத்தை முடித்தாக வேண்டும் என்றால் வாசி, கோடிடு, எழுது என்பதைத் தவிர ஆசிரியர் வேறென்ன செய்ய முடியும்? 2021-இல் யு.பி.எஸ்.ஆர். ரத்தானது. பழக்கம் மட்டும் ரத்தாகவில்லை.

இது தொடக்கப்பள்ளியோடு முடிகிற விஷயமும் இல்லை. 2013 முதல், இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் வரலாற்றில் தேறாதவருக்குச் சான்றிதழே கிடையாது. இடைநிலைப்பள்ளியில் அந்தப் பாடம் முழுக்க மலாய்மொழியில். நம் பிள்ளைகள் வரலாற்றைத் தங்கள் சொந்த மொழியில் பேசி, கேட்டு, சண்டைபோட்டுப் படிக்கக் கிடைப்பது இந்த மூன்று ஆண்டுதான். அந்த மூன்று ஆண்டையும் கோடிட்ட இடத்துக்குக் கொடுத்துவிட்டு, இடைநிலைப்பள்ளியின் முதலாண்டான படிவம் ஒன்றில் பிள்ளை வரலாறு என்றாலே ஓடுகிறான் என்று அங்கலாய்க்கிறோம்.

நம் வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். தாத்தா பால்மரம் வெட்டியவர். அப்பா ஈப்போவுக்கு லாரி ஓட்டுகிறார், இல்லையென்றால் தொழிற்சாலையில் ஷிப்டு. இன்னும் சில வீடுகளில் செம்பனைக் காட்டு வேலை. வீட்டில் தமிழ்தான், வாயாடவும் தெரியும். ஆனால் இறையாண்மை, முடியாட்சி, கூட்டரசு என்று பாடநூல் பேசத் தொடங்கியதும் வகுப்பில் பாதி அமைதியாகிவிடுகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்குப் பத்தி முடிவதற்குள் முதல் வரி மறந்துபோகும். அவனுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, காது கேட்கிறது, கேள்வி கேட்க வருகிறது. வரலாறு படிக்கத் தேவையான பெரும்பகுதி அவனிடம் இருக்கிறது. வாசிப்பு மட்டும்தான் பின்தங்கியிருக்கிறது, ஆனால் நாம் அவனையே பின்தங்கியவன் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம்.

அவன் கையில் ஒரு படத்தைக் கொடுத்துப் பாருங்கள். நான்காம் ஆண்டில் வரலாற்றுக்கு முந்திய காலம் வருகிறது. நம் பேராக்கிலேயே லெங்கோங்கில் குனோங் ருந்து குகையில் 1991-இல் கிடைத்த எலும்புக்கூடு இருக்கிறதே, பேராக் மனிதன், அதன் படத்தை நடுவில் வைத்து "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கால் மடங்கியிருக்கிறது என்பான் ஒருவன். சுற்றி ஏதோ சிப்பி மாதிரி கிடக்கிறது என்பாள் ஒருத்தி. அவை ஆற்று நத்தை ஓடுகள், புதைத்தவர்கள் வைத்தவை என்று அப்போது சொல்லலாம். இடது கை மட்டும் ஏன் சின்னதாக இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். பிறவிக் குறை என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தக் கையோடு அந்த மனிதர் நடுவயது வரை வாழ்ந்திருக்கிறார். வேட்டையாடித் திரிந்த காலத்தில், ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுக்கு முன்னால், அவர் எப்படிப் பிழைத்திருப்பார்? இந்தக் கேள்வியை என் வீட்டு வராந்தாவில் போட்டபோது, வாசிப்பில் மிகவும் பின்தங்கியவன் என்று பள்ளியில் பெயர் வாங்கிய பையன்தான் முதலில் சொன்னான்: "கூட இருந்தவங்க பார்த்துக்கிட்டிருப்பாங்க." ஆதாரத்தைப் பார்த்து ஊகிப்பது என்று பாடத்திட்டம் சொல்லும் உயர்நிலைச் சிந்தனை இதுதான். அதற்கு அவன் ஒரு வரிகூட வாசிக்க வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு வாசிக்க அவனுக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது.

கனடாவின் உளவியலாளர் ஆலன் பைவியோ 1970-களிலேயே இதை விளக்கியிருக்கிறார். சொல்லும் காட்சியும் மனத்தில் இருவேறு தடங்களில் பதிகின்றன, இரண்டும் சேர்ந்து பதிந்தது எளிதில் நினைவுக்கு வரும் என்பது அவர் கருத்து. படத்தோடு நின்றுவிட்டால் பொழுதுபோக்காகிவிடும் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அதனால்தான் கூடிக் கற்பதையும் சேர்த்துக் கேட்கிறேன்.

1971-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் பெரும் சிக்கல். வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்த்திருந்தார்கள். வகுப்பு போட்டியும் பகையுமாக இருந்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவர்களும் போய்ப் பார்த்துவிட்டு ஒரு மாற்றம் செய்தார்கள். பாடத்தைத் துண்டாக்கி, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். மற்றவர் துண்டு இவரிடம் கிடையாது. தேர்வோ முழுப் பாடத்துக்கும் உண்டு. ஆங்கிலம் தடுமாறும் மெக்சிகோ வம்சாவளிச் சிறுவன் ஒருவன் தன் பகுதியைச் சொல்லத் திணறியபோது மற்றவர்கள் முதலில் கேலி செய்தார்கள். அவனிடம் இருப்பது கிடைக்காவிட்டால் தங்களுக்குத்தான் நட்டம் என்று தெரிந்ததும், கேலியை விட்டுவிட்டு, அவனால் பதில் சொல்ல முடிகிற மாதிரிக் கேள்வி கேட்கப் பழகினார்கள். ஜிக்சா என்று நம் ஆசிரியர்கள் பயிற்சிப் பட்டறையில் கேட்டிருக்கும் முறை இப்படிப் பிறந்ததுதான்.

எனக்கு அந்தச் சிறுவன் அந்நியனாகத் தெரியவில்லை. நம் வகுப்பிலும் பின்வரிசையில் அவன் இருக்கிறான்.

இந்தோனேசியத் தொடக்கப்பள்ளிகளில் சமூகவியல் பாடத்துக்கு ஆசிரியர்கள் விரும்பிக் கையாளும் ஒரு முறை உண்டு, பெயரே பிக்சர் அண்ட் பிக்சர். குலுக்கிப் போட்ட படங்களைப் பிள்ளைகள் முறைப்படி அடுக்க வேண்டும், ஏன் அப்படி அடுக்கினோம் என்று காரணமும் சொல்ல வேண்டும். இதையும் ஜிக்சாவையும் சேர்த்தால் நம் பாடத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். பரமேஸ்வராவின் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலெம்பாங், துமாசிக், மூவார், செனிங் ஊஜோங், பெர்த்தாம், மலாக்கா. ஆறு இடம், ஆறு படம். குழுவில் ஒவ்வொருவரும் ஒரு படத்தை மற்றவருக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். தன் படத்தில் இருப்பதை வாயால் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் கேள்வி கேட்கலாம். பிறகுதான் யார் முன்னால், யார் பின்னால் என்று வரிசையில் நிற்க வேண்டும். வரிசை சரியா என்று பாடநூலைத் திறந்து பார்ப்பது கடைசியில். அந்த நேரத்தில் பாடநூலை அவர்கள் புரட்டும் வேகத்தைப் பார்க்க வேண்டுமே! மூவார்ப் பக்கம் அழுகிய உடும்பு என்று ஓர் இடத்துக்குப் பெயர் வந்த கதையைச் சொன்னால் வகுப்பு பத்து நிமிடத்துக்கு அடங்காது, அதற்கும் தயாராக இருங்கள். மலாக்காவில் பரமேஸ்வராவின் வேட்டைநாயைச் சருகுமான் உதைத்ததாகக் கதை, அந்தப் படத்தை வைத்திருப்பவனுக்குத்தான் குழுவில் மவுசு என்பதால், படங்களை ஒவ்வொரு வாரமும் மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதற்கும், இப்போது பல பள்ளிகளில் குழுவேலை என்ற பெயரில் நடப்பதற்கும் தொடர்பில்லை. மேலதிகாரி பார்வையிட வரும் நாளில் மேசைகள் சேர்க்கப்படும். நடுவில் மாஜோங் தாள், கலர் பேனா. கையெழுத்து அழகாக இருக்கும் பெண்பிள்ளை எழுதுவாள், ஒருவன் கோடு போடுவான், மற்ற மூவரும் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள். பிறகு சுவரில் ஒட்டி கேலரி வாக். புகைப்படம் வாட்ஸ்அப்பில் போகும். தோட்டத்தில் காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கு வந்து நின்றுவிட்டால் அன்றைய வேலை முடிந்துவிடுமா? ராபர்ட் ஸ்லேவின் என்ற கல்வியியலாளர் கூட்டுக் கற்றல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னதும் இதுதான்: குழுவுக்குப் பொதுவான குறிக்கோள் ஒன்று இருந்து, ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே கற்றதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தால்தான் கற்றல் உயர்கிறது. சும்மா சேர்த்து உட்காரவைப்பதால் உயர்வதில்லை. ஆகவே படவேலை முடிந்ததும், அவரவர் இடத்துக்குப் போய், தன் கையில் இல்லாத ஒரு படத்தைப் பற்றி மூன்று வாக்கியம் தனியாக எழுதட்டும். ஆசிரியருக்கு வகுப்பறை மதிப்பீட்டின் ஆறு அடைவுநிலைகளில் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். தனியாக ஒரு தாள் அடிக்க வேண்டியதில்லை.

சின்னப் பள்ளிகள் குழம்ப வேண்டாம். மாணவர் குறைந்த தோட்டப்புறப் பள்ளிகளில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பாகச் சேர்த்து நடத்துவதை நான் அறிவேன். நான்காம் ஆண்டில் மூவர், ஐந்தாம் ஆண்டில் இருவர் என்றால் அதுவே ஒரு குழு. மூத்தது இளையதற்குச் சொல்லும். முப்பத்தைந்து பேர் நெருக்கியடிக்கும் பட்டணப் பள்ளியைவிட அங்கே இது எளிது என்றே நினைக்கிறேன்.

சரி, பெட்டிக்குள் என்ன படம்? பாடநூல் படங்களைப் பெரிதாக்கி அச்சடிப்பது பாதி வேலை. மறுபாதி இந்த ஊரில் கிடக்கிறது. எனக்கு உண்மையில் ஆசை அந்த மறுபாதியின் மேல்தான்.

கோலாகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலிபோட்டுக் காக்கப்படும் ரப்பர் மரத்தைக் கடந்து எத்தனை முறை போயிருப்போம்! ஹியூ லோ என்ற பிரிட்டிஷ் ரெசிடெண்ட் 1877-இல் நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது என்று சொல்லப்படும் மரம். அந்தக் கன்றுகளின் பின்னால்தான் நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். அந்த மரத்தின் படம் ஒன்று. பால் வெட்டும் பெண் ஒருத்தி, உளியோடும் வாளியோடும். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள். பெரட்டுக்களம். இன்றைக்கு அதே நிலத்தில் நிற்கும் செம்பனை. இந்த ஐந்தை வரிசைப்படுத்தச் சொன்னால் பிள்ளைகள் தங்கள் குடும்பக் கதையையே அடுக்குவார்கள், வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் சரிபார்ப்பார்கள்.

அப்புறம் 1948 ஜூன் 16. இந்த ஊரை நாட்டின் வரலாற்றுப் புத்தகங்களில் ஏற்றிய நாள். எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தத் தோட்டங்களின் பெயரை நம் பிள்ளைகள் தினமும் பஸ்ஸில், பெயர்ப்பலகையில் பார்க்கிறார்கள். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் தெரியாது. கொலைச் சம்பவத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்ற தயக்கம் நியாயமானது. ரத்தத்தைக் காட்ட வேண்டியதில்லை. மக்களைக் குடியேற்றி முள்வேலி போட்ட புதுக்கிராமத்தின் படம், வாசலில் சோதனை செய்யும் காவலர் படம், பழைய அடையாள அட்டை ஒன்று, அரிசிக்கு வரிசை நிற்கும் படம் ஒன்று. நான்கு படம், நான்கு பிள்ளை. இரவில் காட்டிலிருந்து அரிசி கேட்டு வந்தவர்களுக்கும், காலையில் விசாரணைக்கு வந்த போலீசுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தோட்டக் குடும்பங்களின் கதை இந்த வட்டாரத்துக் கிழவர்களிடம் இன்னும் இருக்கிறது. இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

அடையாள அட்டையைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலாயாவில் அடையாள அட்டை வந்ததே 1948-இல், இந்த அவசரகாலத்தை ஒட்டித்தான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது மைக்கார்டு எடுக்க அப்பா கூட்டிக்கொண்டு போகிறார். தன் சட்டைப்பையில் இருக்கும் அட்டைக்கும், தன் ஊர்த் தோட்டத்தில் நடந்ததற்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்த பிள்ளைக்கு வரலாறு யாரோ எங்கேயோ செய்த காரியமாகத் தோன்றாது. தாத்தா பாட்டிமாரின் பழைய அட்டைகளைப் படமெடுக்கும்போது எண்ணையும் முகவரியையும் மறைத்துவிட்டு எடுங்கள். சில வீடுகளில், குடியுரிமை கிடைக்காதவர்களுக்குத் தரும் சிவப்பு அட்டை இருக்கும். அது ஒரு வலி, கேட்டுவிட்டு எடுங்கள்.

அதே ஜூன் 16-இல், 1919-இல், இங்கே பிறந்தவர் துன் வீ.தி. சம்பந்தன் என்பது பிள்ளைகளுக்குச் சுவையான தற்செயல். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்க வைத்தவர். அவர் பெயர் தாங்கிய சாலைகளும் பள்ளிகளும் நாட்டில் உண்டு. அவர் என்ன செய்தார் என்று கேட்டால் "அமைச்சர்" என்ற ஒரு சொல்தான் பதிலாக வருகிறது. அந்தச் சங்கத்தின் பழைய பங்குச் சான்றிதழ் இந்த ஊரில் பல வீட்டு அலமாரியில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒன்றைப் படமெடுத்துப் பெட்டியில் போடுங்கள்.

நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் சொந்தப் பள்ளியின் வரலாறும் வசிக்கும் இடத்தின் வரலாறும் வருகின்றன. பல வகுப்புகளில் இது தலைமையாசிரியர்களின் பெயர்ப்பட்டியலை எழுதுவதோடு முடிகிறது. தோட்டப்பள்ளிகள் எப்படி வந்தன? பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-இன் தொழிலாளர் சட்டம் சொன்னது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்துக் கொட்டகையில், தோட்ட எழுத்தரான கிராணியே வாத்தியாராகப் பாடம் நடத்திய பள்ளிகள் அப்படி முளைத்தவை. சுதந்திரத்தின்போது 888 தமிழ்ப்பள்ளிகள், இன்று சுமார் 530. தோட்டத்தின் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு தாமானுக்கு இடம்மாறிய பள்ளிகளும் அவற்றில் உண்டு. பழைய பலகைக் கட்டடத்தின் படத்தையும் இன்றைய மாடிக் கட்டடத்தின் படத்தையும் இரண்டு குழுக்களிடம் கொடுத்து, எது மாறியது, எது மாறவில்லை என்று ஒன்றையொன்று கேட்கச் சொல்லுங்கள். முன்னாள் மாணவர் ஒருவரையும் அன்றைக்கு உட்கார வையுங்கள். பாதி விடை அவரிடமிருந்து வரும்.

படம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. மலாக்கா வீரர் ஹாங் துவா படத்தைப் பார்த்துவிட்டு அது புகைப்படம் என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் காலத்தில் யாரும் அவரைப் பார்த்து வரைந்து வைத்த படம் எதுவும் நம்மிடம் இல்லை. பரமேஸ்வராவும் அப்படித்தான், பிற்காலத்து ஓவியர்களின் கற்பனை. 1957 ஆகஸ்டு 31-இல் மெர்டேக்கா அரங்கில் முதல் பிரதமர் துங்கு கையை உயர்த்தி நிற்பது புகைப்படம். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நான்காம் ஆண்டிலேயே பிடிபட்டுவிட வேண்டும். பழைய தோட்டப் புகைப்படங்களிலும் ஒரு சூது உண்டு. துரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், கிராணியும் கங்காணியும் பக்கத்தில் நிற்பார்கள், தொழிலாளர்கள் பின்னால் அல்லது தரையில். அடியில் துரை பெயர் மட்டும் எழுதியிருக்கும். இதை யார் எடுத்தது, யாருக்கு அனுப்ப எடுத்தது, பெயர் இல்லாதவர்கள் யார் யார் என்று கேட்டால் பெரியவர்களுக்கே வாய் அடைக்கும். இப்போது ஆசிரியர் குழுக்களில் செயற்கை நுண்ணறிவு வரைந்த மலாக்காப் படங்கள் வேறு சுற்றுகின்றன. பளபளவென்று இருக்கிறது, ஆனால் உடையும் கட்டடமும் எந்த நாட்டுடையது என்று அதற்கே தெரியாது. தயவுசெய்து அவற்றைப் பெட்டிக்குள் விடாதீர்கள். மூலையில் சிரிக்கும் கார்ட்டூன் ஆந்தையும் வேண்டாம், பிள்ளை அதைத்தான் முதலில் பார்க்கும்.

2027-இல் புதிய பாடத்திட்டம் வருகிறதே, அதுவரை பொறுக்கலாமே என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். முதலாம் ஆண்டில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு படி ஏறினால், நான்காம் ஆண்டை எட்ட 2030 ஆகும். இன்றைக்கு நான்காம் ஆண்டில் இருக்கும் பிள்ளை அதற்குள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடும். பேராக் மனிதனும் பரமேஸ்வராவும் எந்தப் பாடத்திட்டத்திலும் இருப்பார்கள், படம் வீணாகாது. வகுப்பில் சத்தம் அதிகமாகும் என்பதும் உண்மை. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அல்லது மண்டபத்துக்கு அழைத்துப்போங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பயிற்சி நூல் நிரம்பியிருந்தால் ஆசிரியர் வேலை செய்கிறார், காலியாக இருந்தால் செய்யவில்லை என்று நீங்கள் அளக்கும்வரை எந்த ஆசிரியரும் துணிந்து படத்தை எடுக்க மாட்டார். இதைக் கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு. நூல் ஏன் காலியாக இருக்கிறது என்று என் பணிக்காலம் முழுக்க உங்களுக்குப் பதில் சொல்லிக் களைத்தவள் நான். மாலையில் பிள்ளையைப் பார்த்து "எத்தனை பக்கம் எழுதினே?" என்று கேட்காமல், "இன்னைக்கு உன் கையில இருந்த படம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள்.

செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தடித்த ஏ4 தாள், கலர் அச்சு, லேமினேட், ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டி. படத்தின் முன்பக்கம் எழுத்தே வேண்டாம். பின்பக்கம் தமிழிலும் மலாயிலும் பெயர் இருக்கட்டும், படிவம் ஒன்றுக்குப் போகும்போது அந்த மலாய்ச் சொல் ஏற்கெனவே பார்த்த முகமாக இருக்கும். யார் தந்த படம், எந்த ஆண்டு என்பதையும் எழுதுங்கள். வீடுகளிலிருந்து வாங்கும் பழைய புகைப்படங்களை அன்றைக்கே ஸ்கேன் செய்து கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முன்பு ஒரு பள்ளி மலருக்காக வாங்கப்பட்ட குடும்பப் படங்கள் திரும்பி வராமலே போனதை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை, அந்த மனத்தாங்கலைத் தாண்டித்தான் நாம் கேட்கப்போகிறோம். பெட்டி வள மையத்தில் பூட்டிக் கிடக்காமல், ஆசிரியர் கேட்டதும் கைக்கு வர வேண்டும். பள்ளிகள் ஆளுக்கொரு தலைப்பை எடுத்துச் செய்து, தவணைக்கு ஒருமுறை பெட்டிகளை மாற்றிக்கொண்டால் செலவு இன்னும் குறையும். அவசரகாலத்தை ஒரு பள்ளி, ரப்பரை ஒரு பள்ளி, பேராக் மனிதனை ஒரு பள்ளி.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதை 'ஏனையவை'யில் தள்ளி, சாப்பாடு தயாராகிவிட்டது என்று அறிவித்த பிறகு பேச வேண்டாம். கணக்கறிக்கைக்கு அடுத்தபடியாக நிகழ்ச்சி நிரலில் வையுங்கள். பயிற்சி நூலுக்கு என்ன செலவானது என்ற வரி எல்லாருக்கும் கண்ணில் படும் நேரம் அதுதான். ஸ்கேன் செய்ய ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள். காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தி,
சுங்கை சிப்புட், பேராக்